கனி காட்டிய கை

இளவேனில் என்றவுடன் புலவர்கள் தென்றலையும் குயிலையும் மாந்தளிரையும் நினைப்பர். பாறசாலைப் பக்கத்தில் குடியிருக்கும் நமக்கு அப்பருவத்தின் வரவை அறிவிப்பது கிணற்று வாளியே. பங்குனி பாதி கடந்ததும் வாளி நீரைத் தொடும் ஓசை நாளுக்கு நாள் ஆழத்திலிருந்து கேட்கிறது; கயிற்றோடு மேலும் ஒரு முழம் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கிறது. பிற்பகலில் கிழக்கே மலைப்பக்கம் இருண்டு வருகிறது. சில நாள் மழை பெய்கிறது. பல நாள் இடியோடு நின்றுவிடுகிறது. ஏட்டில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். இங்கே வெயிலுக்கு அந்த இளமை தெரியாது.

வேலியோரத்துச் சரக்கொன்றைக்கு மட்டும் அது தெரியும். சங்கப் புலவர்கள் கொன்றையைக் கார்காலத்துப் பூவாகப் பாடினர். பொருள் தேடப் பிரியும் தலைவன் கார் தொடங்குமுன் மீள்வேன் என்று சொல்லிச் செல்வான். கொன்றை பூத்தும் அவன் வாராவிடின் தலைவி கலங்குவாள். கேரளத்தில் அதே கொன்றை சித்திரை விஷுவுக்கு உரியது. அம்மாநிலத்தின் மலரும் அதுவே. அண்மை ஆண்டுகளில் வெப்பம் மிகுந்து, மாசியிலேயே பூத்து, விஷுவுக்குமுன் உதிர்ந்துவிடுகிறது என்று ஊரார் குறைப்படுகின்றனர். கடைகளில் பிளாஸ்டிக் கொன்றை விற்கிறார்கள். நம் துணைவியார் அதை வாங்க உடன்படுவதில்லை.

இத்திங்கள் இல்லறத்தைப் பற்றி எழுதுக என்று சங்கத் தோழர் ஒருவர் பணித்தார். அதற்கு நமக்கு என்ன தகுதி என்று கேட்டோம். “தகுதியில்லாதவர் எழுதினால்தான் படிக்க நன்றாயிருக்கும்” என்றார். ஆகவே நம் தகுதியின்மையையே எழுதுகிறோம். அன்பர்கள் பொறுத்தருள்க.

நாம் இருக்கும் இடத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட வட்டங்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அவ்வட்டத்தின் தென்கோடியில் பாறசாலை. இஞ்சிவிளையைக் கடந்தால் களியக்காவிளை, தமிழ்நாடு. 1979-இல் திறந்த இருப்புப்பாதையில் நெய்யாற்றின்கரை, தனுவச்சபுரம், பாறசாலை என்று வந்த வண்டி அடுத்துக் குழித்துறையில் நிற்கும்போது மாநிலம் மாறியிருக்கும். பயணிகளில் பலர் உறங்கிக்கொண்டிருப்பர். கோடு வரைந்தவர்கள் சாலையிலும் பதிவேட்டிலும் வரைந்தார்கள். அடுக்களையில் எவரும் வரையவில்லை. இப்பக்கத்து வீடுகளில் ஒரே அம்மியில் இரண்டு மொழியும் அரைபடுகின்றன.

நாம் நாங்குனேரிப் பக்கத்துச் சிற்றூரார். பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ரயில்வேயின் கடைநிலைப் பணியில் சேர்ந்து, பின்னர் துறைத்தேர்வு எழுதி, திருவனந்தபுரத்தில் பயணச்சீட்டு வழங்கும் எழுத்தரானோம். நம் துணைவியார் நம்மைவிட இரண்டு வகுப்பு கூடப் படித்தவர். துறைத்தேர்வுக்கு நாம் படித்த ஓராண்டும், கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேள்வி கேட்டவர் அவர். விதிப்புத்தகத்தின் பக்க எண்கள் நம்மைக்காட்டிலும் அவருக்கு நன்கு மனப்பாடம். தேர்வில் வென்றபோது நாம் மேலதிகாரிக்கு நன்றி கூறினோம். உடன் படித்த தோழர்க்கு நன்றி கூறினோம். வீட்டுக்கு ஒரு பெட்டி லட்டு வாங்கிப் போனோம்.

அங்காடிகளிலும் மேடைகளிலும் தாராளமாகப் புழங்கும் ‘நன்றி’ என்னும் சொல் நம் வீட்டு வாயிற்படியில் செருப்போடு தங்கிவிடுகிறது. உணவு பரிமாறிய மனைவிக்கு நன்றி சொன்னால், உடம்புக்கு ஏதேனும் ஆகிவிட்டதோ என்று அவர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். மலையாளத்தில் இச்சொல் ‘நந்தி’. நம் மகள் சிறு குழந்தையாய்ப் பள்ளி ஆண்டுவிழாவுக்குப் போய்வந்து, “ஏன் எல்லாரும் பேசி முடித்துச் சிவன் கோயில் மாட்டைக் கூப்பிடுகிறார்கள்?” என்று கேட்டாள். அன்று சிரித்தோம். திருக்குறளில் வாழ்க்கைத் துணைநலம் ஆறாம் அதிகாரம். செய்ந்நன்றியறிதல் பதினோராம் அதிகாரம். இடையில் நான்கே அதிகாரங்கள். அவற்றில் கடைசி இனியவை கூறல். அந்த நான்கைக் கடக்க நமக்குப் பத்தாண்டு பிடித்தது.

கனி காணுதலைப் பற்றி நம் அன்பர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. நெல்லை, குமரிப் பக்கத்துக் குடும்பங்களிலும் அது உண்டு. நம்மவர் பழத்தை நினைந்து ‘கனி’ என்கிறோம். மலையாளத்தார் முதற்காட்சி என்னும் பொருளில் ‘கணி’ என்கின்றனர். இரண்டு சுழியா மூன்று சுழியா என்று வழக்காடாமல் இரு சாராரும் விடியலில் கண் விழிக்கின்றனர். உருளியில் அரிசி, பிளந்த தேங்காய், பொன்னிறக் கணிவெள்ளரி, மாங்கனி, பலா, வாழை, வெற்றிலை பாக்கு, கோடித்துணி, கண்ணாடி, நாணயம், சிறிதேனும் பொன், இவற்றின்மேல் கொன்றைக் கொத்து, அருகே விளக்கு. கோடிக்குப் பாலராமபுரத்துக் கைத்தறி சிறப்பு. அத்தெருக்களில் நெய்யும் சாலியர் நமக்குப் பல தலைமுறைக்கு முன்பே தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியோரின் வழியினர். குழித்தறியில் அமர்ந்து நெய்பவரை ஊர் அறியும்; பின்கட்டில் நூல் சுற்றித் தரும் பெண்களை எவரும் கேட்பதில்லை. இதையும் நாம் எழுதுமளவுக்கு அறிந்தது அண்மையில்தான்.

முந்திய இரவு, எல்லாரும் உறங்கிய பின் இல்லத்தலைவி அனைத்தையும் அடுக்கி, அதன் அருகிலேயே தலைசாய்ப்பார். விடியுமுன் எழுந்து விளக்கேற்றி, கணவனையும் மக்களையும் ஒவ்வொருவராக எழுப்பி, கண்களைத் தம் கையால் மூடி அழைத்து வந்து உருளியின்முன் நிறுத்துவார். கையை எடுத்ததும் பொன்னும் பூவும் ஒளியும் நம் முகமும் கண்ணாடியில் ஒருங்கே தோன்றும். ஆண்டு முழுதும் இத்தகைய காட்சியே வாய்க்க வேண்டும் என்பது கருத்து. 2014 முதல் ஆண்டுதோறும் நாம் அவ்வாறு கண்டோம். கையை எடுக்கும் வேளையில் மஞ்சளும் நல்லெண்ணெயும் மணக்கும். கண்டபின் கைநீட்டம் கொடுத்துவிட்டு, மீண்டும் போய்ப் படுத்துவிடுவோம்.

இங்கே நம் அலுவலைப் பற்றி ஒரு பெருமை பேசிக்கொள்ள வேண்டும். இரவு பணி முடித்துக் கணக்கு ஒப்படைக்கையில் பத்து ரூபாய் குறைந்தால் அது எந்த நேரத்தில், எந்தச் சீட்டில் தவறியது என்பதை நாம் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவோம். கண் அவ்வளவு கூர்மை. 2022 பங்குனியில் நம் தாயார்க்குக் கண் அறுவை வேண்டியிருந்தது. துணைவியார் தம் கம்மலைக் கழற்றி அடகு வைத்துப் பணத்தைத் தாயாரிடம் நேரே சேர்ப்பித்தார். நம்மிடம் ‘பணம் ஆயிற்று’ என்று மட்டும் சொன்னார். நாமும் எப்படி ஆயிற்று என்று கேட்கவில்லை. அவ்வாண்டுக் கனியில் வழக்கமாக இருக்கும் கம்மல் இல்லை. மகளின் பிறந்தநாள் மோதிரம் இருந்தது. நாம் கண்ணாடியில் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டோம். சில நாள் சென்று, சோறு உண்ணும்போது, “அம்மா காதில் ஏன் வேப்பங்குச்சி?” என்று மகள் கேட்டாள். அப்போது நிமிர்ந்து பார்த்தோம். பத்து ரூபாய் குறைந்தால் கண்டுபிடிக்கும் நமக்கு, எதிரே அமர்ந்து பரிமாறுபவர் காதில் இரண்டு கம்மல் குறைந்தது மூன்று வாரமாகத் தெரியவில்லை.

அவ்வாண்டு தசராவை ஒட்டி வந்த ஊக்க ஊதியத்தில் கம்மலை மீட்டுக் கொடுத்தோம். வட்டியும் முதலும் செலுத்தியாயிற்று, கணக்கு தீர்ந்தது என்று நினைத்தோம். எழுத்தர் புத்தி அத்தகையது.

அடுத்த ஆண்டு நடந்ததைச் சொல்லுமுன் பஞ்சாங்கச் செய்தி ஒன்று. தமிழ்நாட்டு முறைப்படி, சூரியன் மேடத்தில் நுழைவது அன்று மறைவதற்குள் நிகழ்ந்தால் அந்நாளே சித்திரை முதல் நாள். கேரளத்து விஷுக்கணிக்கோ நுழைந்தபின் வரும் விடியலே உரியது. நள்ளிரவிலோ அதிகாலையிலோ நுழைந்தால் இரண்டும் ஒரே நாளில் அமையும். பகலில் நுழைந்தால் ஒரு நாள் பிந்தும். 2022-இலும் 2023-இலும் நமக்குப் புத்தாண்டு ஏப்ரல் 14. அண்டை வீட்டார்க்கு விஷு ஏப்ரல் 15. எல்லைப்புறத்து வீடுகளில் இவ்வேறுபாடு பெரிய செய்தி. எந்த நாளில் மாங்காய்ப் பச்சடி, எந்த நாளில் பிள்ளைகளுக்குக் கைநீட்டம் என்று வேலியின் இருபுறமும் ஆராய்ச்சி நடக்கும்.

2023-இல் ஏப்ரல் 14 விடியலில் வழக்கம்போல் நமக்குக் கனி காட்டினார். மறுநாள் இரவுப்பணி முடித்துக் காலை வண்டியில் வந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்தால், உருளியில் புதிய வெள்ளரி, புதிய மாங்கனி, புதிய பூ. முன்னால் அண்டை வீட்டு டீச்சர் அமர்ந்திருந்தார். பள்ளியாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற முதியவர். மக்கள் வளைகுடா நாட்டில் இருக்க, இங்கே தனியே வாழ்பவர். ஊரார் அனைவர்க்கும் அவர் டீச்சர்தான், பெயர் சொல்வாரில்லை. உறக்கமின்மையும் வெயிலும் சேர்ந்து நம் நாவைப் பிடித்துக்கொண்டன. “ஒரு வீட்டில் இரண்டு விஷு எதற்கு? வெள்ளரிக்காய் என்ன விலை விற்கிறது தெரியுமா?” என்றோம். நாம் தமிழில் சொன்னோம்; டீச்சர்க்குத் தமிழ் நன்றாகவே தெரியும். அவர் மெல்ல எழுந்து, “வருகிறேன் மோளே” என்று துணைவியாரின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

துணைவியார் அன்று முழுதும் ஒன்றும் பேசவில்லை. உணவு வேளைக்கு உணவு வந்தது; சட்டை மடிக்கப்பட்டிருந்தது. சண்டையிட்டிருந்தால் நமக்கு எளிதாயிருக்கும். இரவு விளக்கணைத்தபின் இருட்டில் ஒரு வாக்கியம் சொன்னார்: “இந்த வீட்டில் எனக்குக் கனி காட்டிய கை அது ஒன்றுதான்.”

நமக்கு விளங்கவில்லை. கேட்டபின் சொன்னார்.

2020 மார்ச் 20-ஆம் நாள் தாயாரைப் பார்க்க நாம் ஊருக்குச் சென்றிருந்தோம். இரண்டு நாளில் திரும்புவதாகச் சொல்லிச் சென்றோம். 22-ஆம் நாள் பயணி வண்டிகள் நின்றன. 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. நூறு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில், களியக்காவிளைக்கும் இஞ்சிவிளைக்கும் இடையில், தடுப்பு விழுந்தது. ரயில்வேக்காரனாக இருந்தும் செல்ல ரயில் இல்லை. துணைவியார் ஆறு திங்கள் கருவுற்றிருந்தார். உடன் ஐந்து வயது மகள். பேறுகாலத்துக்கு முன்பே வந்துவிட எண்ணியிருந்த மாமியாராலும் எல்லையைத் தாண்ட இயலவில்லை. அவ்வாண்டு சித்திரைப் பிறப்பும் விஷுவும் ஒரே நாளில், ஏப்ரல் 14-இல், வந்தன. தொலைபேசியில் “கனி வைத்தாயா?” என்று கேட்டோம். “வைத்தேன்” என்றார். அதற்குமேல் நாம் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தோம்.

நடந்தது இது. வெள்ளரி கிடைக்காமல் வீட்டுக் கொல்லைப் பூசணிப்பிஞ்சை வைத்து, வேலியோரக் கொன்றையைக் கையெட்டும் கிளையில் பறித்து அடுக்கிவிட்டுப் படுத்திருக்கிறார். விடியுமுன் பின்கதவைத் தட்டும் ஓசை. டீச்சர் முகக்கவசம் கட்டிக்கொண்டு, ஈரக்கையோடு நின்றிருக்கிறார். “கண்ணைத் திறக்காதே மோளே. வயிற்றுப் பிள்ளைக்காரி தானே வைத்துத் தானே பார்க்கக் கூடாது” என்று சொல்லி, கண்களைப் பொத்தி, உருளியின்முன் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். திருமணமாகி இவ்வூர் வந்தபின் துணைவியார்க்கு ஒருவர் கனி காட்டியது அன்றுதான். மே 4-ஆம் நாள் முதல் கேரள அரசு அனுமதிச் சீட்டு உடையோரை இஞ்சிவிளை முதலான சாவடிகள் வழியே ஏற்கத் தொடங்கியபின் நாம் வந்தோம்; வந்தும் பதினான்கு நாள் தனியறை. அதுவரை கஞ்சியும் எண்ணெயும் பார்த்தவர், பின்னர் ஆடியில் மகன் பிறந்தபோது மருத்துவமனை வரை உடன் வந்தவர், எல்லாம் டீச்சரே. இவை நமக்குத் தெரியும். அதற்காக அவரிடம் நன்றியும் கூறியிருந்தோம், மேடைப் பேச்சுப்போல. கண்ணைப் பொத்திய அந்தக் கையைப் பற்றி மட்டும் தெரியாது. அவ்விரண்டாம் விஷு அக்கைக்கு உரியது.

மறுநாள் டீச்சர் வீட்டுக்குப் போனோம். என்ன சொன்னோம் என்பதை எழுத நாணமாயிருக்கிறது. அவர் தேநீர் கொடுத்தார். சர்க்கரை மிகுதி.

திருவனந்தபுரத்தில் மாசித் திங்களில் ஆற்றுகால் பொங்கலை நாளன்று சீட்டுச் சாளரத்தில் அமர்ந்திருப்பது ஒரு கல்வி. நாகர்கோவில், குழித்துறை, பாறசாலை வண்டிகளில் மண்கலமும் விறகும் சுமந்து பெண்கள் வெள்ளமென இறங்குவர். மற்ற நாட்களில் கணவன் சாளரத்தின்முன் நின்று சீட்டு வாங்க, மனைவி பையோடு பின்னால் நிற்பார். அன்று பெண்களே முன்னால். நகரத்து ஆடவர் தெருவெங்கும் தண்ணீரும் மோரும் கொடுத்து நிற்பர். ஆற்றுகால் பகவதி, மதுரையை எரித்தபின் வழியில் தங்கிய கண்ணகியே என்பது அங்கு வழங்கும் மரபு. 2024 மாசியில் அக்கூட்டம் ஓய்ந்த ஒரு பிற்பகலில் சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதை நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் எடுத்துப் படித்தோம்.

மதுரையில் மாதரி என்னும் இடைக்குல மூதாட்டி, வந்தேறிகளாகிய அவ்விருவர்க்கும் மனை கொடுத்துச் சமையலுக்குப் பொருளும் கொடுக்கிறாள். அப்பொருள்களைப் பாருங்கள்: பலாக்காய், உரையாசிரியர்கள் வெள்ளரி என்று பொருள் கூறும் வரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைப்பழம், சாலி அரிசி. மாதுளையை நீக்கினால் நம் வீட்டு உருளி! கண்ணகி விரல் சிவக்கக் காய் அரிந்து, கண் சிவக்க அடுப்பெரித்து, வாழைக்குருத்து விரித்துப் பரிமாறுகிறாள். உண்டபின்புதான் கோவலன் வாய் திறக்கிறான். தான் அவளுக்கு இழைத்த துயரையும், புறப்படு என்றவுடன் மறுபேச்சின்றி அவள் உடன்வந்த அருமையையும் எண்ணிக் கலங்கிப் பேசுகிறான். கண்ணகியும் அப்போதுதான், அதுகாறும் அடக்கியிருந்த குறையைச் சொல்கிறாள். பின்னர் அவன் சிலம்பை வாங்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறான், திரும்புவதில்லை. பேச வேண்டியதைப் பேசிய அன்றே மாண்டான். வாசுகியம்மையார் வரலாறாக வழங்கும் கதையில் இன்னும் கொடிது: அம்மையார் மறைந்த பிறகே வள்ளுவர் அவரைப் பாராட்டி வெண்பாப் பாடினாராம். அவர் காதில் விழாத வெண்பா! கிணற்றுக்கயிற்றைப் பாதியில் விட்டுக் கணவன் அழைப்புக்கு ஓடிவந்த கதையை மேடைதோறும் சொல்கிறோம். அவ்வாளியைப் பிறகு யார் இறைத்தார் என்று கேட்டாரில்லை. பங்குனியில் கிணற்றடியில் நிற்பவர்க்கே அக்கேள்வி தோன்றும் போலும்.

2024-இல் இரண்டு நாட்களும் ஒன்றாகவே வந்தன. ஏப்ரல் 14, ஞாயிறு. முந்திய நாள் நமக்கு மாலைப் பணி. இரவு பத்துக்கு முடித்து, வண்டி பிடித்து வந்து சேர்ந்தபோது பிள்ளைகள் உறங்கியிருந்தனர். துணைவியார் கூடத்தில் உருளியைத் துடைக்கத் தொடங்கும் வேளை. “இன்று நீ போய்ப் படு. நான் வைக்கிறேன்” என்றோம். அவர் நம்மைப் பார்த்த பார்வையில் நெற்றியைத் தொடும் எண்ணம் இருந்தது. பிறகு, “சரி” என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

தனியே நின்றபின்புதான் நம் நிலை தெரிந்தது. வால்கண்ணாடி எங்கே? திரி எங்கே? பச்சரிசி எந்தக் கலத்தில்? பத்தாண்டு வாழ்ந்த வீட்டில் நாம் விருந்தாளி. திருவனந்தபுரம் நிலையத்தில் எந்தப் பதிவேடு எந்த அலமாரியில் என்பதை இருட்டிலும் எடுப்போம். இங்கே ஒவ்வொன்றுக்கும் அறைவாயிலில் போய் நின்று கேட்க வேண்டியிருந்தது. “மூன்றாம் தட்டில், முறத்துக்குப் பின்னால்.” “எண்ணெய்க் கிண்ணம் சன்னலில்.” “அது உளுந்து. பச்சரிசி நீல மூடி.” குரல் இருட்டிலிருந்து வந்துகொண்டேயிருந்தது, சில விடைகளில் சிரிப்பும் கலந்திருந்தது. பூவுக்கு டீச்சரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தோம். அவர் கொல்லைமரத்தில் வெயிலுக்குத் தப்பிய கடைசிக் கொத்து இரண்டை ஈரத்துணியில் சுற்றி வேலிக்கம்பில் கட்டிவைத்திருந்தார். பொன்னுக்குக் கம்மலைக் கேட்டோம். சற்று நேரம் விடையில்லை. பிறகு கதவிடுக்கில் ஒரு கை நீண்டது.

அடுக்கி முடிக்க நள்ளிரவு கடந்தது. அருகிலேயே பாயை விரித்தோம். உறக்கம் வரவில்லை. விளக்கு அணையுமோ, பூனை வருமோ, எறும்பு மாங்கனியை மொய்க்குமோ என்று மூன்று முறை எழுந்து பார்த்தோம். இத்தனை ஆண்டும் அவர் இவ்விரவை இப்படித்தான் கழித்தாரா என்று எண்ணியபோது, நாம் கண்டபின் மீண்டும் போய்ப் படுத்துக்கொண்ட காலைகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

நான்கு மணிக்கு விளக்கேற்றிப் போய் எழுப்பினோம். அவர் விழித்தேயிருந்தார், கண்களை மட்டும் மூடியிருந்தார். இருபுறமும் கைவைத்துப் பொத்தி அழைத்து வருகையில் கதவு நிலையில் அவர் முழங்கையை இடித்துவிட்டோம். நமக்கு அப்பணி பழக்கமில்லை. உருளியில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றும் அவருக்குத் தெரியும்; எடுத்துக் கொடுத்ததே அவர் குரல்தான். ஆயினும் நாம் கையை எடுத்தபின் உடனே கண் திறக்கவில்லை. சிறிது நேரம் அப்படியே நின்றார். நம் உள்ளங்கை நனைந்திருந்தது. நன்றி என்னும் சொல்லைச் சொல்லிவிட வேண்டும் என்று முந்திய நாள் வண்டியிலேயே தீர்மானித்து வந்திருந்தோம்; தொண்டைவரை வந்த அதை இருமலாக்கி விட்டோம்.

அவர் கண் திறந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, “வெள்ளரிக்காயைத் தலைகீழாக வைத்திருக்கிறீர்களே” என்று சொல்லி, குனிந்து அதைத் திருப்பி வைத்தார். கம்மலை எடுத்துக் காதில் இட்டுக்கொண்டு, மகளை எழுப்பப் போனார். மகனை நாம் தூக்கி வந்தோம். விடிந்ததும் டீச்சரை அழைத்து வர மகள் வேலிப்பக்கம் ஓடினாள். அவர் கண்ணை யார் பொத்துவது என்று பிள்ளைகள் இருவர்க்கும் சண்டை. நாமே தேநீர் போட்டோம். மூவரும் மறுபேச்சின்றிக் குடித்தார்கள். சர்க்கரை போட மறந்ததை நாம் குடித்தபோதுதான் அறிந்தோம்.